உப்புத் தண்ணியும் ஊசல் வாடையும்

விருதுநகர் மாவட்டத்தின் வறண்ட பகுதிகளில் பல வீடுகளுக்கு இரண்டு தண்ணீர். குடிக்க, உலை வைக்க நல்ல தண்ணி. துவைக்க, பாத்திரம் தேய்க்க போர்வெல் உப்புத் தண்ணி. காரியாபட்டியில் ஒரு குடும்பம் பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கினால், அதை எந்தக் குழாயில் மாட்டுவார்கள் என்று கேட்கவே வேண்டாம். கேட்க வேண்டியவர் மெஷினை விற்பவர். அவர் கேட்பதில்லை. சில மாதம் கழித்துக் கதவைத் திறந்தால் ஊசிப்போன குழம்பு வாடை. புகார் சொன்னால், எலுமிச்சை மணக்கும் வில்லை ஒன்றைத் தட்டில் மாட்டச் சொல்வார். அந்த வில்லைக்குக் கொடுக்கும் காசு தண்டம்.

வாடை பிறக்கும் இடம் பெரும்பாலும் அடியில் இருக்கும் வடிகட்டி. கீழ்த்தட்டை வெளியே இழுத்து, உருளை வடிவ வடிகட்டியை இடப்பக்கம் திருகினால் கையோடு வந்துவிடும். நம் வீடுகளில் அதற்குள் கிடப்பவை: கறிவேப்பிலைக் காம்பு, தாளித்த கடுகு, தேங்காய்ப்பூ, முருங்கைக்காய்ச் சக்கை, இவற்றையெல்லாம் சேர்த்துப் பிடித்திருக்கும் வழவழப்பான சாம்பல் நிறப் பிசுக்கு. பழைய டூத் பிரஷ்ஷும் சோப்பும் வெந்நீரும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. வாரம் ஒருமுறை செய்தால் பாதித் தொல்லை தீரும். மெஷின் வாங்கி வருடக்கணக்கான பின்னும் அந்த வடிகட்டி கழன்று வரும் என்றே தெரியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. யாரும் கழற்றிக் காட்டவில்லை.

மீதிப் பாதிதான் உப்புத் தண்ணியின் கைவரிசை. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த தண்ணீர் சூடேறும்போது வெள்ளைப் பொருக்காகப் படியும். வெந்நீர் அண்டாவின் அடியில் பார்க்கும் அதே பொருக்கு. அந்தச் சொரசொரப்பில் எண்ணெய் ஒட்டும், எண்ணெயில் சோற்றுத் துணுக்கு ஒட்டும், பிறகு நாற்றம் குடியேறும். எண்ணெய் பரோட்டாவுக்குப் பேர்போன மாவட்டத்தில் பிசுக்குக்குப் பஞ்சமில்லை. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது ஐ.எஸ். 10500 இந்தியத் தர விதி. இது குடிக்கும் தண்ணீருக்கு. போர்வெல் தண்ணீர் எந்த விதியையும் படித்துவிட்டு ஊறுவதில்லை.

இதற்காகத்தான் பல மெஷின்களில் உப்புப் போட ஓர் அறை இருக்கிறது. தண்ணீரை மென்மையாக்கும் பிசின் மணிகளை அந்த உப்பு புதுப்பிக்கிறது. இதற்கென விற்கும் கல் போன்ற உப்பையே போட வேண்டும். சமையலறைத் தூள் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் அந்த அறையை அடைத்துவிடும். ஊர்த் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்றபடி மெஷினில் ஓர் எண்ணைத் திருத்தி வைப்பதும் அவசியம். அதைச் செய்யாமல் உப்பு மட்டும் கொட்டுவது அரைகுறை வேலை.

கதவின் ரப்பரைத் துடைப்பவர்கள் இன்னும் குறைவு. ஸ்லோவேனியாவின் லியுப்லியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 நாடுகளில் 189 மெஷின்களின் ரப்பர் பட்டைகளைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். 62 விழுக்காட்டில் பூஞ்சை இருந்தது. சூட்டையும் சோப்பையும் தாங்கும் கருப்புப் பூஞ்சைகளும் அவற்றில் உண்டு. ஆரோக்கியமாக இருப்பவர்கள் பதற வேண்டியதில்லை. ஈரத் துணியால் மடிப்புக்குள் துடைத்து, ஓட்டம் முடிந்ததும் கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும்.

சிறு குடும்பங்களில் இன்னொரு சிக்கல். மெஷின் நிறையட்டும் என்று இரண்டு நாள் பத்துப் பாத்திரத்தை உள்ளே பூட்டி வைக்கிறார்கள். கோடையில் மூடிய பெட்டிக்குள் மீன் குழம்புத் தட்டு என்ன ஆகும்? அதற்காகக் குழாயைத் திறந்துவிட்டு முழுக்கக் கழுவியே உள்ளே வைப்பது, தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில் அநியாயம். மிச்சத்தை வழித்துப் போட்டுவிட்டு வைக்கலாம். அன்றைக்கே ஓட்ட முடியாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் அலசும் சிறு ஓட்டம் ஒன்று பல மெஷின்களில் இருக்கிறது.

மாதம் ஒருமுறை பாத்திரமும் சோப்பும் இல்லாமல், மளிகைக் கடை எலுமிச்சை உப்பைப் போட்டு அதிகச் சூட்டில் ஓட்டினால் பொருக்கு கரையும். வாடை போகவில்லையே என்று அதோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்க்கும் யோசனை மட்டும் வேண்டாம். எலுமிச்சை உப்பு ஓர் அமிலம்; அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். எதை எதோடு கலக்கக் கூடாது என்று பட்டாசு மாவட்டத்துக்காரர்களுக்கு மற்றவர் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இவ்வளவும் செய்தும் சாக்கடை நாற்றம் வந்தால் குற்றவாளி மெஷின் அல்ல, கழிவுக் குழாய். அது தரையோடு கிடந்தால் அழுக்குத் தண்ணீர் உள்ளே திரும்பும். சிங்க் உயரத்துக்கு ஒரு வளைவு கொடுத்து மாட்டியிருக்க வேண்டும். பாத்திரத்தில் மீனே இல்லாத நாளில் மீன் கவிச்சியோ கருகல் வாடையோ அடித்தால் ஒயர் சூடாகி உருகுகிறதா என்று பார்க்க வேண்டும். உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

அமெரிக்காவின் ஜோசபின் காக்ரன் 1886இல் காப்புரிமை பெற்ற மெஷினை முதலில் வாங்கியவை பெரும்பாலும் ஓட்டல்களும் உணவகங்களும்தான். அங்கே அதைக் கவனிக்க ஆட்கள் இருந்தார்கள். வீட்டுக்கு விற்கும்போது அந்தக் கவனிப்பையும் சொல்லித்தர வேண்டியது விற்பவரின் கடமை. மாட்ட வரும் ஊழியர் கடினத்தன்மை காட்டும் தாளை வீட்டுத் தண்ணீரில் நனைத்துப் பார்த்து, அதற்கேற்ற எண்ணை மெஷினில் வைத்து, வடிகட்டியை வீட்டுக்காரர் கையாலேயே ஒருமுறை கழற்றி மாட்டச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வழிமுறைப் புத்தகமும் தமிழில் வர வேண்டும். இவை நடக்காத வரை, மெஷினை மாட்டியாயிற்று என்று எழுதிய தாளில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடக் கூடாது.