போயிற்றா, வெட்டினார்களா?

2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை. காலை பத்து மணியளவில் மும்பை மாநகரின் பெரும்பகுதியில் மின்சாரம் நின்றது. புறநகர் ரயில்கள் வழியிலேயே நின்றுவிட்டன. அணுசக்தி நகரில் எங்கள் இல்லத்திலும் மின்விசிறி ஓய்ந்தது. "கரண்ட் போச்சு" என்றார் என் அன்னையார். "லைட் கேலி" என்றார் அடுத்த வீட்டு மராத்தி அம்மையார். "பவர் கட்" என்றான் என் மகன். எல்லாம் ஒன்றுதானே என்பர் அன்பர்கள். அன்று என்பதே என் வாதம்.

அன்று எவரும் மின்சாரத்தை வெட்டவில்லை. நகருக்கு மின்சாரம் கொணரும் உயர் அழுத்தத் தடங்கள் செயலிழந்தன. அது மின்தடை. பராமரிப்புப் பணிக்காக முன்னரே அறிவித்து நிறுத்துவது மின் நிறுத்தம். பற்றாக்குறையைக் காரணம் காட்டி, இந்த ஊருக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டு மறுப்பது மின்வெட்டு. நாளேடுகளும் இவற்றைக் கலந்து எழுதுவதுண்டு. ஆயினும் மூன்று சொற்கள் இருக்க, மூன்றையும் 'போச்சு' என்ற ஒன்றில் அடக்குவது முறையன்று.

மத்திய அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கோப்பு எழுதி வருபவன் நான். 'முடிவு எடுக்கப்பட்டது' என்று எழுதிவிட்டால், எடுத்தவர் யார் என்று எவரும் கேளார் என்பதை நன்கறிவேன். 'போச்சு' என்பதும் அவ்வகையினதே. மின்சாரம் தானாகவே எழுந்து சென்றதுபோல் அது ஒலிக்கிறது. 'மின்வெட்டு' என்றாலோ, வெட்டியவர் தோன்றா எழுவாயாக அங்கே நிற்கிறார். அவரைக் கேள்வி கேட்கலாம்.

'லோடு ஷெட்டிங்' என்பது இன்னும் கொடிது. லோடு என்றால் சுமை. ஷெட்டிங் என்றால் உதிர்த்தல். உதிர்க்கப்படும் அச்சுமை யார்? விளக்கடியில் படிக்கும் மாணவனும், விசைத்தறியை நம்பிப் பிழைப்பவனும் அல்லரோ?

2012இல் தமிழகத்தில் பற்றாக்குறை முற்றியபோது, சென்னையில் வெட்டு குறைவு. பிற மாவட்டங்களில் பன்மடங்கு மிகுதி. மகாராஷ்டிரத்துச் சிற்றூர்கள் லோடு ஷெட்டிங்கில் வாடிய ஆண்டுகளிலும் மும்பை பெரும்பாலும் தப்பியே இருந்தது. வெட்டுக்கு உள்ளானவர் ஊரிலுள்ள நம் உறவினர், தப்பியவர் நாம். தொலைபேசியில் அவர்கள் "கரண்ட் போச்சு" என்றபோது, "ஐயோ பாவம்" என்றதோடு நம் கடமை முடிந்தது. "உங்களுக்கு மட்டும் ஏன் வெட்டினார்கள்?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

"இருட்டில் மெழுகுவத்தியைத் தேடுவதா, இலக்கணத்தைத் தேடுவதா?" என்று நகைப்போரும் உளர். மெழுகுவத்தி அவ்விரவுக்கு உதவும். மறுநாள் மனு எழுத உட்காரும்போது சரியான சொல்தான் வேண்டும். தடைக்குப் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும். வெட்டுக்கு ஆள்பவரை வினவ வேண்டும். சொல் தவறினால் மனு சேருமிடமும் தவறும்.

ஆகவே, பெற்றோரே, இனி வீட்டில் விளக்கணையும்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: தடைப்பட்டதா, நிறுத்தினார்களா, வெட்டினார்களா? பிறமொழி நகரில் வளரும் அவர்களுக்குத் தமிழ் பயன்படும் மொழி என்பது அப்போதே விளங்கும்.