பழுது நாடாவிலா, டிரைவிலா?

2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனாளர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்கள் காணாமல் போயின. பல இடங்களில் இருந்த நகல்களும் தப்பவில்லை. கடைசியில் கைகொடுத்தவை, கணினியோடு இணைக்காமல் தனியே வைத்திருந்த காந்த நாடாக்கள்தான்.

இப்படிப்பட்ட நாடாக்களை அடுக்கி வைத்து, ரோபோ கையால் எடுத்து டிரைவில் செருகும் இயந்திரமே டேப் லைப்ரரி. அதில் படிக்கும்போது பிழை வந்தால், உடனே டிரைவை மாற்றச் சொல்வது பலரின் வழக்கம். இது சரியல்ல. முதலில் க்ளீனிங் கார்ட்ரிட்ஜ் போட்டு டிரைவைச் சுத்தம் செய்ய வேண்டும். பிழை நீடித்தால், தேவையில்லாத வேறொரு நாடாவை அதே டிரைவில் போட்டுப் பார்க்கலாம். அதுவும் ஓடவில்லை என்றால் டிரைவைச் சந்தேகிக்கலாம். அது ஒழுங்காக ஓடினால் பழைய நாடாவில்தான் கோளாறு இருக்க வேண்டும். ஆனால் கசங்கிய நாடாவை இன்னொரு டிரைவில் போடவே கூடாது. அந்த டிரைவையும் கெடுத்துவிடும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பேக்கப் முடிந்தது என்ற செய்தியை மட்டும் நம்பக் கூடாது. அவ்வப்போது சில கோப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். ஆபத்து வந்த அன்றுதான் பழுது தெரிகிறது என்றால், அத்தனை நாள் எடுத்த பேக்கப்பும் வீண்தான்.