சுவரில் வண்ணம் தீட்டும் முன்னர்...

பொலிஸாரும் பொதுமக்களும் ஒன்றாக நின்று ஊர்ச் சுவரொன்றில் ஓவியம் தீட்டுவது, முரண்பாடுகளால் பிளவுண்ட சமூகங்களில் நம்பிக்கையைக் கட்டியெழுப்பும் வழிகளில் ஒன்றாக உலகின் பல பகுதிகளில் முன்வைக்கப்பட்டு வருகின்றது. சீருடையைக் கண்டு ஒதுங்கும் சிறுவன், அதே சீருடைக்காரரின் அருகே தூரிகையுடன் நிற்கும் போது அச்சம் குறையும் என்பதே இதன் எதிர்பார்ப்பு. மூவினத்தவரும் அருகருகே வாழும், எந்தவோர் இனமும் தனித்து அறுதிப் பெரும்பான்மையாக இல்லாத திருகோணமலை மாவட்டத்திற்கு, குறிப்பாகத் துறைமுகத்தை அண்டிய நகரப் பகுதிக்கு, இத்தகைய முயற்சி பொருந்துமா?

பொருந்தும். ஆனால் எது முதலில் நிகழ வேண்டும், எது பின்னர் நிகழ வேண்டும் என்ற ஒழுங்கு தவறினால் நன்மைக்குப் பதிலாகக் கசப்பே எஞ்சும்.

இவ்விடயத்தில் வட அயர்லாந்தின் அனுபவம் கவனத்திற்குரியது. அங்கு பெல்ஃபாஸ்ட் நகரச் சுவர்களில் முகமூடியணிந்த ஆயுததாரிகளின் உருவங்கள் பல ஆண்டுகளாகக் காட்சியளித்தன. அவற்றுக்குப் பதிலாக அப்பகுதி மக்களின் சம்மதத்துடன் புதிய ஓவியங்களைத் தீட்டும் திட்டம் 2006 இல் ஆரம்பமானது. அதில் பொலிஸ் சேவையும் ஒரு பங்காளியாக இணைந்திருந்தது. எனினும் அதற்கு முன் நடந்தவை என்ன? 1998 இல் பெரிய வெள்ளி உடன்படிக்கை எட்டப்பட்டது. 1999 இல் பற்றன் ஆணைக்குழு பொலிஸ் துறையை முற்றாக மறுசீரமைக்குமாறு பரிந்துரைத்தது. 2001 இல் அத்துறையின் பெயரும் இலச்சினையும் மாற்றப்பட்டன. கத்தோலிக்கரில் பாதி, ஏனையோரில் பாதி என்ற விகிதத்தில் 2011 வரை ஆட்சேர்ப்பு நடைபெற்றது. சுமார் 8 வீதமாக இருந்த கத்தோலிக்கரின் பங்கு இதனால் ஏறத்தாழ 30 வீதமாக உயர்ந்தது. முதலில் பொலிஸ் மாறியது. அதன் பின்னரே சுவர் மாறத் தொடங்கியது.

இலங்கையில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. 2019 நவம்பர் 16 ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலை அடுத்து நாடெங்கும் இளைஞர்கள் வீதியோரச் சுவர்களில் ஓவியங்கள் வரைந்தனர். இயற்கைக் காட்சிகள் பல இருந்தன. அவற்றுடன் படையினரின் வெற்றியையும் பண்டைய சிங்கள மன்னர்களின் பெருமையையும் போற்றும் காட்சிகளும் இடம்பிடித்தன. பொதுச் சுவரில் தமக்கு இடமில்லை என்ற உணர்வே சிறுபான்மை மக்களில் பலருக்கு மிஞ்சியது. வண்ணம் தன்னளவில் நல்லிணக்கமாகி விடுவதில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

திருகோணமலையில் இச்சிக்கல் மேலும் ஆழமானது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் கூடியிருந்த தமிழ் மாணவர்கள் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்தே அவர்கள் இறந்தனர் எனப் படைத்தரப்பு கூறியது. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைப் புகைப்படங்கள் மூலம் வெளிக்கொணர்ந்த ஊடகவியலாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24 ஆம் திகதி கொல்லப்பட்டார். மாணவர் படுகொலை தொடர்பில் 2013 இல் பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் கைது செய்யப்பட்டனர். சாட்சிகள் பலர் அச்சத்தால் நாட்டை விட்டு வெளியேறியிருந்த நிலையில், போதிய சாட்சியம் இல்லையெனக் கூறி 2019 ஜூலை 3 ஆம் திகதி 13 சந்தேகநபர்களும் நீதவான் நீதிமன்றத்தினால் விடுவிக்கப்பட்டனர்.

விசேட அதிரடிப்படை பொலிஸ் திணைக்களத்தின் ஓர் அங்கம் என்பதை இங்கு மறந்துவிட முடியாது. அக்கடற்கரை வீதியில் பொலிஸாருடன் சேர்ந்து சுவரோவியம் தீட்ட வருமாறு அந்த மாணவர்களின் பெற்றோரை எவ்வாறு அழைப்பது?

இது பழங்கதை எனத் தள்ளிவிடவும் இயலாது. 2024 மே மாதத்தில் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கியமைக்காகப் பெண்கள் மூவர் உட்பட நால்வர் கைது செய்யப்பட்டனர். 2025 நவம்பர் 16 ஆம் திகதி நகரக் கடற்கரையோரத்தில் வைக்கப்பட்ட புத்தர் சிலையை அன்றிரவே பொலிஸார் அகற்றினர். மறுநாளே அது மீண்டும் அதே இடத்தில் வைக்கப்பட்டது. சிலையின் பாதுகாப்பு கருதியே அகற்றப்பட்டதாக அரசாங்கம் விளக்கமளித்தது. கஞ்சிப் பானைக்கு ஒரு சட்டம், சிலைக்கு வேறொரு சட்டம் என மக்கள் எண்ணுவார்களாயின், அந்த எண்ணத்தை எந்த ஓவியத்தாலும் மறைக்க முடியாது.

அதற்காக இத்தகைய முயற்சிகளை ஏளனம் செய்வதும் முறையன்று. தமது கடமையை நேர்மையாகச் செய்ய விரும்பும் இளம் பொலிஸ் உத்தியோகத்தர்கள் எல்லா இனங்களிலும் உள்ளனர். அவர்களும் ஊர் மக்களும் கட்டளையும் முறைப்பாடும் இன்றிச் சந்திப்பதற்கு ஓர் இடம் தேவை. அச்சந்திப்பு பயன் தர வேண்டுமெனில், சுவரில் எதை வரைவது என்பதை அச்சுவரின் அயலில் வாழும் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்களே தீர்மானிக்க வேண்டும். பொலிஸார் அனுமதி வழங்குபவர்களாகவன்றி அழைப்பை ஏற்று வருபவர்களாக இருத்தல் வேண்டும். இழந்தவர்களை நினைவுகூர மக்கள் விரும்பின் அதற்கும் அச்சுவரில் இடமிருக்க வேண்டும். கடலையும் கோணேசர் மலையையும் வரையலாம், கடற்கரையில் நிகழ்ந்ததை வரையலாகாது என்றால் அது மக்களின் சுவராகாது.

இவற்றுக்கு மேலாக, பொலிஸ் நிலையத்திற்குச் செல்லும் தமிழ் பேசும் குடிமகன் தன் மொழியில் முறைப்பாட்டைப் பதிவு செய்யும் நிலை எங்கும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். தமிழும் அரசகரும மொழி என அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987 இல். அதே 13 ஆவது திருத்தம் மாகாணங்களுக்கு வழங்கிய பொலிஸ் அதிகாரங்கள் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. மாணவர் ஐவரின் வழக்கிலும் வெளிநாடுகளில் வாழும் சாட்சிகளின் வாக்குமூலங்களைப் பாதுகாப்பான முறையில் பெற்று விசாரணையை மீளத் தொடங்குவது அரசாங்கத்தின் கடமையாகும்.

இவை தொடங்கப்படுமாயின், திருகோணமலை மக்கள் தாமாகவே தூரிகையை எடுத்துப் பொலிஸாரின் கையில் கொடுப்பர். அந்த நாளை விரைவுபடுத்தும் பொறுப்பு அரசையே சாரும்.