கால் செல்லாது, கார்டுதான் செல்லும்

மாற்றுத்திறனாளிச் சலுகையில் ஆன்லைனில் ரயில் டிக்கெட் எடுப்பவர்களுக்கு இது தெரியும். பெயரும் வயதும் கொடுத்தால் மட்டும் சலுகை வராது. ரயில்வே வழங்கிய அடையாள அட்டை வேண்டும், அதன் எண்ணைத் தட்ட வேண்டும். அந்த எண் தன் பட்டியலில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கணினி கட்டணத்தைக் குறைக்கும். ஆக, டிக்கெட் நம் கைக்கு வருவதற்கு முன்பே ரயில்வே தான் கொடுத்த அட்டையைத் தானே சரிபார்த்து முடித்துவிடுகிறது. அப்புறம் வண்டி கிளம்பி இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் வந்து நின்று, அந்த அட்டையை எடுங்கள் பார்க்கலாம் என்கிறார். எடுக்க முடியாதவர் டிக்கெட்டே வாங்காதவர் ஆகிவிடுகிறார்.

இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எனக்கு வயசாகிவிட்டதால் புரியவில்லையா, புரிந்துகொள்ள அதில் எதுவுமே இல்லையா என்று யாராவது சொன்னால் தேவலை.

அந்த அட்டை என்ன லேசில் கிடைக்கிற சமாச்சாரமா? முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரயில்வேக்கென்றே தனிப் படிவம் உண்டு. டாக்டர் அதில்தான் எழுதித் தர வேண்டும். போலியோவில் கால் சூம்பிவிட்டது என்று எழுதினால் போதாது. துணை இல்லாமல் இவரால் பயணம் செய்ய முடியாது என்று எழுத வேண்டும். கையெழுத்து, டாக்டரின் பதிவு எண், ஆஸ்பத்திரி முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். போட்டோவின் மேல் பாதியும் காகிதத்தின் மேல் பாதியுமாக முத்திரை விழ வேண்டும். முழுசும் காகிதத்தில் விழுந்துவிட்டால் திரும்பப் போய் நிற்க வேண்டியதுதான். அதைக் கொண்டுபோய்க் கோட்ட அலுவலகத்தில் கொடுத்தால், சான்று நிஜமா என்று ஆஸ்பத்திரியில் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அட்டை வரும். நடக்க முடியாது என்று நிரூபிப்பதற்கு ஒரு மனுஷன் இவ்வளவு நடக்க வேண்டியிருக்கிறது.

என் பெரியப்பா மகன் அப்படி நடந்து வாங்கியவர். சின்ன வயதில் வந்த போலியோ. இடது காலில் இரும்புக் காலிப்பர், கக்கத்தில் ஒரு கட்டை. கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்து, அந்த வருமானத்திலேயே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். அவரிடம் மாநில அரசு கொடுத்த அடையாளப் புத்தகம் இருக்கிறது. மத்திய அரசு கொடுத்த தனித்துவ அடையாள அட்டை இருக்கிறது. ரயில்வே கொடுத்த அட்டையும் இருக்கிறது. ஒரே காலுக்கு மூன்று அத்தாட்சி.

சென்னையில் ஒரு கல்யாணம். அண்ணிக்கு உடம்பு சரியில்லாததால் துணைக்கு நான் போனேன். ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் அவருக்கு அடிப்படைக் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி. துணைக்கு வருகிறவருக்கும் அதே தள்ளுபடி. அந்த வகையில் நானும் சலுகைப் பயணி.

அட்டை எங்கே போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் ஏதோ பொறுப்பில்லாதவர் என்று நினைத்துவிடுவீர்கள். ஓர் அலுவலகத்தில் அவருடைய உதவித்தொகைக் காகிதத்தோடு எல்லா அட்டைகளின் நகலையும் இணைக்கச் சொல்லியிருந்தார்கள். ஊர் கிளம்புகிற அன்று சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்தார். நகல்களை வாங்கிக்கொண்டார், காசைக் கொடுத்தார். கடைசியாக நகல் எடுத்த அட்டை மெஷின் மூடிக்கு அடியிலேயே தங்கிவிட்டது. ஜெராக்ஸ் கடைகளில் இது தினம் நடக்கிற கூத்து. எந்தக் கடையிலும் மேஜை இழுப்பறையைத் திறந்து பாருங்கள், ஊரில் பாதிப் பேரின் ஆதார் அதில் கிடக்கும்.

ஆகவே டி.டி.ஆர். வந்து கேட்டபோது அண்ணனின் சட்டைப்பையில் அட்டையின் நகல் இருந்தது. பர்சில் ஆதார் இருந்தது, வாக்காளர் அட்டை இருந்தது. மத்திய அரசு அட்டையும் இருந்தது. காலிப்பரைக் கழற்றி பெர்த்துக்கு அடியில் வைத்திருந்தார், அதுவும் இருந்தது.

டி.டி.ஆர். சின்னப் பையன். மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லாவிட்டால் பாவம். கையில் இருந்த கருவியில் எங்கள் பெயர், இருக்கை, சலுகை வகை எல்லாமே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "ஒரிஜினல் கார்டு வேணும் சார்" என்றார்.

"நம்பர்தான் உங்க மெஷின்லயே இருக்கே தம்பி" என்றார் அண்ணன்.

"நம்பர் இருக்கு சார். கார்டைத்தான் பார்க்கச் சொல்லியிருக்காங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். "காலைப் பாருங்க சார், இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" என்று கேட்டுவிட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "உங்க அண்ணன் கால் எனக்குத் தெரியுது சார். ரூல்ல கால் இல்ல, கார்டுதான் இருக்கு. அடுத்த ஸ்டேஷன்ல விஜிலன்ஸ் ஏறி, எதை வச்சு விட்டேன்னு கேட்டா நான் எதைக் காட்டுறது?"

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. தப்பாக ஒருவரை விட்டுவிட்டால் அவர் வேலைக்கு ஆபத்து. சரியான ஒருவரிடம் தப்பாக வசூலித்தால் அவரை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. அப்படி ஓர் ஏற்பாட்டில் உட்கார்ந்தால் நானும் வசூலிக்கத்தான் செய்வேன்.

பிறகு கணக்குக்கு வந்தார். டிக்கெட் இல்லாமல் வந்தவர்களுக்கு என்ன விதியோ அதுதான் எங்களுக்கும். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138ஆம் பிரிவு. பயணக் கட்டணம் முழுதாக. அதற்கு மேல் அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், எது அதிகமோ அது. அண்ணனுக்கு ஒன்று. எனக்கும் ஒன்று! அவருடைய அட்டை இல்லாததால் அவர் மாற்றுத்திறனாளி இல்லை. அவர் மாற்றுத்திறனாளி இல்லாததால் நான் துணை இல்லை. ஆக இரண்டு பேரும் டிக்கெட் இல்லாத பேர்வழிகள். சரி, ஏற்கெனவே கட்டியிருக்கிறோமே ஒரு தொகை, அதையாவது கழித்துக்கொள்ளக் கூடாதா என்றேன். இல்லாத டிக்கெட்டுக்குக் கட்டிய பணத்தை எப்படிக் கழிப்பது என்கிற மாதிரி பார்த்தார். சலுகையில் இரண்டு பேருக்குமாக மிச்சமான தொகையைக் காட்டிலும் அபராதம் மட்டுமே அதிகம். பேசாமல் முழுக் கட்டணத்தில் டிக்கெட் எடுத்திருந்தால் பாதிச் செலவில் போய்ச் சேர்ந்திருப்போம்.

இ.எஃப்.டி. என்கிற கூடுதல் கட்டண ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். பெர்த்தும் எங்களுக்கே. அதே கோச், அதே இருக்கை, அதே இரண்டு பேர். பெட்டியில் இருந்தவர்கள் பார்த்த பார்வை மட்டும் மாறிவிட்டது. ஏதோ போலிச் சான்றிதழ் கேஸ் போலிருக்கிறது என்று பக்கவாட்டு பெர்த் அம்மாள் தன் பெண்ணிடம் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அண்ணனுக்கும் கேட்டிருக்கும். அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். பணம் போனால் போகிறது. ஒரு பொட்டு பொய் சொல்லாத ஆளை, ஊரெல்லாம் பார்க்கத் திருடனாக உட்கார வைத்ததற்கு எந்தச் சட்டப் பிரிவில் அபராதம் கேட்பது?

போலிகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். நல்ல காலை வைத்துக்கொண்டு சான்று வாங்குகிறவர்கள் உண்டு. அடுத்தவர் அட்டை எண்ணைப் போட்டு டிக்கெட் எடுக்கிறவர்களும் இருக்கலாம். அவர்களைப் பிடிக்கத்தான் சோதனை என்றால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன். ஆனால் போலியைப் பிடிக்க வேண்டுமானால் அட்டையில் இருக்கிற முகமும் ஆளின் முகமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அட்டைக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த போட்டோ ரயில்வேயிடம்தான் இருக்கிறது. எண்ணைத் தட்டினால் அந்த முகம் கருவியில் வருகிற மாதிரி செய்துவிட்டால், போலி ஆள் அட்டையோடு வந்தாலும் மாட்டுவான், நிஜ ஆள் அட்டையில்லாமல் வந்தாலும் தப்பிப்பான். இப்போது இருக்கிற முறையில், நன்றாக அச்சடித்த போலி அட்டை வைத்திருப்பவன் குறட்டை விட்டுத் தூங்கிப் போகிறான்.

இத்தனைக்கும் சாதாரணப் பயணிகள் விஷயத்தில் இதே ரயில்வே எவ்வளவோ இறங்கி வந்திருக்கிறது. அடையாளத்துக்குப் புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக்கைக் காட்டினாலும் சரி என்கிறார்கள். 2018இலிருந்து டிஜிலாக்கரில் இருக்கிற ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் போனிலேயே காட்டலாம். நல்ல விஷயம். நாமே போட்டோ பிடித்து ஏற்றிவைத்தது செல்லாது, அரசே வழங்கிய பிரதி மட்டும் செல்லும் என்று அதிலும் ஒரு தெளிவு இருக்கிறது. அந்தத் தெளிவு இந்தச் சலுகை அட்டைக்கு மட்டும் ஏன் எட்டவில்லை? இரண்டு காலும் இரண்டு கையும் உள்ளவன் போனை நீட்டினால் போதும். கட்டை ஊன்றி வருகிறவர்தான் பிளாஸ்டிக்கைத் தேட வேண்டும்.

வெளிநாட்டுக் கதை பேசினால் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை, ஒன்றே ஒன்று. ஜெர்மன் ரயிலில் சலுகை அட்டையை மறந்து வந்தவர், பிறகு இரண்டு வாரத்துக்குள் அதைக் காட்டி 7 யூரோ கட்டினால் விவகாரம் தீர்ந்தது. பிரிட்டனில் அட்டையை மறந்ததால் கூடுதலாகக் கட்டிய பணத்தை ஆண்டுக்கு ஒரு முறை திரும்பக் கேட்டு வாங்க வழி இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தர்மப்பிரபுக்கள் ஒன்றும் இல்லை. டிக்கெட் இல்லாமல் மாட்டினால் 2023 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் 100 பவுண்டு அபராதம், டிக்கெட் விலை தனி. அப்படிக் கறாராக இருக்கிறவர்களே, மறந்தவன் வேறு ஏமாற்றினவன் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மறதிக்கு ஒரு சின்னத் தண்டம், அதோடு சரி.

இங்கே அப்படிப் பிரிக்க மனசில்லை. மூத்த குடிமக்கள் விஷயத்தில் இதற்கு வேறு விதமாகத் தீர்வு கண்டார்கள். 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்த தள்ளுபடியை, கொரோனாவைச் சொல்லி 2020 மார்ச் 20 முதல் நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, தள்ளுபடி திரும்பவில்லை. வயதுச் சான்றை மறந்து வந்து திண்டாட வேண்டிய அவசியமே இப்போது எந்தப் பெரியவருக்கும் இல்லை! கேட்டால், உங்கள் பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் வசூலாகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்து நம்மை வெட்கப்பட வைத்தவர்கள் அவர்கள். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம், நாம் ஏறியதே தப்போ என்று இருக்கும்.

சென்னையில் இறங்கியதும் அண்ணனின் போன் அடித்தது. ஜெராக்ஸ் கடைக்காரர். "அண்ணே, உங்க கார்டு மெஷின்லயே கெடக்கு, போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன்" என்றார். போட்டோ வந்திருந்தது, நல்ல தெளிவாக. அதையும் இ.எஃப்.டி. ரசீதையும் வைத்து மனு எழுதிப் போடுங்கள் என்று கல்யாண வீட்டில் ஒருவர் யோசனை சொன்னார். எழுதிப் போட்டோம். அட்டை இருந்தும் இல்லாதவராக நடத்தப்பட்டவருக்குப் பணத்தைத் திருப்பித் தருங்கள் என்று நான்தான் வாசகம் எழுதினேன். பதில் இதுவரை இல்லை. மனுவோடு அட்டையின் நகலை இணைக்க வேண்டியிருந்ததால் அண்ணன் மறுபடி அதே ஜெராக்ஸ் கடைக்குப் போனார். இந்த முறை அண்ணியும் கூடவே போய், மெஷின் மூடியைத் தானே தூக்கிப் பார்த்திருக்கிறார்.

அதோடு அண்ணி நிற்கவில்லை. அட்டையின் மூலையில் ஒரு ஓட்டை போட்டு, கயிறு கோத்து, வெளியூர் போகும்போது கழுத்தில் மாட்டி அனுப்புவதாகத் திட்டம். ஊசியைச் சுடவைக்க அடுப்பையும் பற்ற வைத்துவிட்டார். அண்ணன்தான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருடி. ஓட்டை போட்ட கார்டு செல்லுமான்னு மொதல்ல கேட்டுக்கிறேன்."