அரைக் கிலோ ராகிக்கு யார் பொறுப்பு?

சாயங்காலம் ஆறு மணிக்கு அவிநாசியில் ஏதாவது ஒரு மாவு மில் வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தூக்குப்போசி, துணிப்பை, பிளாஸ்டிக் டப்பா என்று வரிசையாக இருக்கும். உள்ளே பெல்ட் ஓடுகிற சத்தத்தில் பேசுவதே கேட்காது. அதிலும் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"ஏனுங்க, ராகி எப்ப ஓட்டுவீங்க?"

"இப்பத்தானுங்க கோதுமை ஓடுது. அரை மணி நேரம் ஆகுமுங்க."

"அரைக் கிலோதானுங்க இருக்குது..."

"அரைக் கிலோவா? மெசின்லயே பாதி நின்னுக்குமுங்களே!"

மில்காரர் சொல்வது பொய் இல்லை. அந்த இயந்திரம் கிலோ கணக்கில் அரைக்கக் கட்டியது. அரைக் கிலோ ராகி போட்டால் கொஞ்சம் உள்ளேயே தங்கும், முன்னால் ஓடிய கோதுமை கொஞ்சம் அதில் கலந்து வரும். சரி, அந்த அரைக் கிலோக்காரர் என்ன செய்வார்? போகிற வழியில் கடையில் ஒரு பாக்கெட் ராகி மாவு வாங்கிக்கொண்டு போவார். இல்லையென்றால் வீட்டுக்குப் போய் மிக்ஸியில் போட்டு அரைப்பார்.

மிக்ஸியில் தானியம் அரைக்கலாமா என்ற கேள்விக்கு எல்லா வீட்டிலும் இரண்டு கட்சி உண்டு. "ஆயிரம் வாட்ஸ் வாங்கியாச்சு, இனி மில் எதுக்கு?" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் வேண்டாம், மோட்டார் புகைஞ்சிரும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே பாதி சரி, பாதி தப்பு.

முதலில் புகைகிற விஷயத்தைப் பார்ப்போம். இந்திய மிக்ஸியின் கதையே ஒரு எரிந்துபோன மோட்டாரில்தான் ஆரம்பிக்கிறது. 1960களில் பம்பாயில் பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூரின் வீட்டில் இருந்த ஜெர்மன் மிக்ஸர் நம் ஊர் அரைப்பைத் தாங்காமல் எரிந்துபோனது. அதன் பிறகுதான் அவர் சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். அமெரிக்காவில் 1969-ல் வந்த வைட்டமிக்ஸ் 3600 என்ற மாடல் தானியத்தையும் அரைக்கும் என்றே விற்கப்பட்டது. உலர்ந்த தானியத்துக்கென்று அந்தக் கம்பெனி தனி ஜாரே வைத்திருக்கிறது. ஆக, சுழலும் பிளேடால் தானியத்தை மாவாக்க முடியும் என்பதில் சந்தேகம் இல்லை. எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மில்லில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே தானியம் நசுங்குகிறது. இடைவெளியை எவ்வளவு நெருக்கி வைக்கிறோமோ, மாவு அவ்வளவு நைசாக வரும். மிக்ஸியில் அப்படி ஒரு இடைவெளி கிடையாது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுற்றுகிற பிளேடு தானியத்தை அடித்து உடைக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு பகுதி மாவாகவும் ஒரு பகுதி ரவையாகவும் வரும். சலித்து, கப்பியைத் திரும்பப் போட்டு அரைக்க வேண்டும். ஜாரும் மாவும் சூடாகும், மோட்டாரும் சூடாகும். நிறைய மிக்ஸிகளில் தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், நடுவில் ஓய்வு கொடுங்கள் என்று போட்டிருக்கும். அதை யார் படிக்கிறார்கள்? அடியில் இருக்கும் சிவப்பு பட்டன் டப்பென்று வெளியே வந்த பிறகுதான் நிறையப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியும் :)

அடுத்து காசுக் கணக்கு. மில் கூலி கிலோவுக்குப் பத்து ரூபாய், மிக்ஸி விலை ஐயாயிரம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் நான்கு கிலோ மாவு தேவைப்படும் குடும்பம். கூலியை மிச்சம் பிடித்து மிக்ஸி விலையை எடுக்க 500 கிலோ அரைக்க வேண்டும். அதற்கு 125 மாதம், அதாவது பத்து வருடத்துக்கு மேல்! கரண்டு செலவு பெரிதில்லை. 750 வாட்ஸ் மிக்ஸி பத்து நிமிடம் ஓடினால் எட்டில் ஒரு யூனிட். ஆனால் ஒரு கிலோவை நான்கைந்து தடவையாகப் போட்டு, ஆறவைத்து, சலித்து, திரும்ப அரைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை. காமர்ஸ் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று படிப்பது இதைத்தான். அந்த முக்கால் மணி நேரத்தில் வேறு என்ன செய்திருக்கலாமோ, அதுவும் செலவுதான்.

ஆகவே மில் கூலியை மிச்சம் பிடிக்க மிக்ஸியில் அரைப்பது நஷ்டக் கணக்கு. பிறகு எதற்கு மிக்ஸி? பாக்கெட் மாவைத் தவிர்ப்பதற்கு. மிக்ஸிக்கு உண்மையான போட்டி மாவு மில் அல்ல, கடை அலமாரியில் இருக்கும் பாக்கெட்.

காரணம் இருக்கிறது. முழுத் தானியத்தின் முளைப் பகுதியில் எண்ணெய் உண்டு. தானியமாக இருக்கும்வரை அது பத்திரமாக இருக்கும். உடைத்து மாவாக்கியதும் காற்றும் தானியத்தில் இருக்கும் நொதிகளும் சேர்ந்து அந்த எண்ணெயைக் கெடுக்க ஆரம்பிக்கும். இதில் மோசமானது கம்பு. அரைத்து ஒரு வாரம் பத்து நாளிலேயே மாவில் காறலும் கசப்பும் தட்டும். மைதா மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே என்றால், முளையையும் தவிட்டையும் எடுத்துவிட்டுத்தானே அதை அரைக்கிறார்கள். ஐ.நா. சபை 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது நல்ல விஷயம். ஆனால் சிறுதானியம் நல்லது என்று கேட்டுவிட்டு, எப்போது அரைத்தது என்று பார்க்காமல் கம்பு மாவு பாக்கெட் வாங்கி, ஒரு தடவை களி கிண்டி, கசக்கிறது என்று தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேர்! பழி கம்பின் மேல் விழுகிறது.

முன்பு வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். ஐந்து கிலோ அரைத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்று மூன்று பேர் இருக்கும் வீட்டில் வாரத்துக்கு அரைக் கிலோ போதும். அந்த அரைக் கிலோவுக்குத்தான் மில்லில் இடம் இல்லை. ஷிப்ட் முடிந்து பனியன் கம்பெனியிலிருந்து இரவு வீடு திரும்புகிறவருக்கு மில் திறந்திருக்குமா என்பதும் சந்தேகம். இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமை துளியும் ஆகாது. முந்தின ஆளின் கோதுமை தங்கியிருக்கும் இயந்திரத்தில் அவர்கள் ராகி அரைக்கவே கூடாது. அவர்களுக்கு வீட்டு அரைப்பு ஒரு வசதி அல்ல, கட்டாயம்.

ஆனால் இங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. பாட்டிகள் காலத்தில் ராகிக்கல்லைச் சுற்றியது யார்? உரலில் கம்பு குத்தியது யார்? பெண்கள்தான். மாவு மில் வந்து அந்தப் பாரத்தை இறக்கியது. கோவையில் 1955-ல் சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் ஆட்டாங்கல்லிலிருந்து கையை விடுவித்தது. அதே கோவை கிரைண்டர்தான் 2005-06-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியதும் இந்த வரிசையில் அடுத்த படி. இப்படி ஒவ்வொன்றாக இறங்கிய வேலையை "வீட்டிலேயே அரைத்தால்தான் ஆரோக்கியம்" என்ற பெயரில் திரும்ப அம்மாக்களின் தலையில் ஏற்றுவதா? வேலைக்கும் போய்விட்டு வந்து, மிக்ஸி பக்கத்தில் நின்று, சலித்து, கப்பியைத் திரும்ப அரைக்கவும் வேண்டுமா? ஃப்ரெஷ் மாவு வேண்டும் என்கிறவர் எவரோ அவரே ஜாரைப் பிடிக்கட்டும். அப்பாவோ, காலேஜ் போகும் மகனோ, யாராக இருந்தாலும். ஒரு பட்டன் அமுக்கத் தெரியாதவர் யாரும் இல்லை.

அரைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். தானியம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கழுவினால் வெயிலில் மொறுமொறுவென்று உலரட்டும். லேசாக வறுத்து ஆறவைத்தால் சீக்கிரம் உடையும், மாவும் கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். ஜாரில் பாதிக்கு மேல் போடக் கூடாது. விட்டு விட்டு அடித்துவிட்டு, பிறகு ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தலாம். மாவு முழுக்க ஆறிய பிறகே டப்பாவை மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து மாவு கெட்டுவிடும். கோதுமை மாவு சற்று கொரகொரப்பாக வரும், பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டால் சப்பாத்தி வரும். காய்ந்த மக்காச்சோளத்தை மட்டும் மில்லுக்கே விட்டுவிடுவது மோட்டாருக்கு நல்லது.

மாதச் சாமான் கோதுமை, சீருக்கும் விசேஷத்துக்கும் பலகாரத்துக்கு வேண்டிய அரிசி மாவு எல்லாம் மில்லுக்கே போகட்டும். பத்து ரூபாய் கூலியில் முக்கால் மணி நேரம் மிச்சமாகிறது, ஊரில் ஒரு தொழிலும் நிற்கிறது. மில்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்டால் பிறகு பாக்கெட்டைத் தவிர வேறு வழி இருக்காது. அந்த அரைக் கிலோ ராகியும் கால் கிலோ கம்பும் மட்டும் வீட்டு மிக்ஸிக்கு வரட்டும்.

உங்கள் வீட்டில் இருக்கும் மாவு பாக்கெட்டை எடுத்து, எந்த மாதம் அரைத்தது என்று ஒரு தடவை பாருங்கள். அதற்கு அப்புறம் முடிவு செய்யுங்கள்.