நிகழ்ச்சி நின்றால் என்ன?

1985 செப்டம்பர் 22. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஷாம்பெய்ன் நகர ஸ்டேடியம். கடனில் மூழ்கிய விவசாயிகளுக்கு நிதி திரட்ட ‘ஃபார்ம் எய்ட்’ கச்சேரி நடக்கிறது. மேடையில் ப்ளூஸ் இசையின் பெரியவர் பி.பி. கிங். ஆறு நாட்களுக்கு முன்புதான் அவருக்கு வயது 60 முடிந்திருந்தது. பாதிப் பாட்டில் அவரது கிதாரின் தந்தி ஒன்று அறுந்தது. பாட்டு நிற்கவில்லை. வாய் பாடிக்கொண்டே இருக்க, கை பழைய தந்தியை அகற்றிப் புதியதை மாட்டி, முறுக்கி, சுருதி சேர்த்தது. பிறகு எதுவுமே நடக்காதது போல வாசிப்பு தொடர்ந்தது.

பார்த்தவர்களுக்கு அது ஒரு வித்தை. அவருக்கோ அது பழக்கம். ஆண்டில் பாதிக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றி வாசித்தவருக்குத் தந்தி அறுவது காபி ஆறுவது மாதிரி. நம் ஊர்க் கச்சேரியில் வயலின் தந்தி அறுந்தால் பாடகர் ராகத்தைக் கொஞ்சம் இழுத்து அவகாசம் கொடுப்பதுண்டு. கிங்கின் விஷயத்தில் பாடகரும் அவரே, பக்கவாத்தியமும் அவரே. அவ்வளவுதான் வித்தியாசம்.

மேடையில் வாசித்துப் பிழைப்பவனுக்கு முதல் பாடம் இதுதான்: எது நடந்தாலும் நிறுத்தாதே. இரண்டாவது பாடம் ஒன்று இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்க ஆள் குறைவு: எப்போது நிறுத்துவது?

முதல் பாடத்துக்குக் கைதட்டல் அதிகம். 2015 ஜூன் 12 அன்று ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ‘ஃபூ ஃபைட்டர்ஸ்’ குழுவின் தலைவர் டேவ் க்ரோல் இரண்டாவது பாட்டிலேயே மேடையிலிருந்து கீழே விழுந்தார். காலில் எலும்பு முறிவு. கணுக்கால் மூட்டும் நழுவிவிட்டது. திரும்பி வருகிறேன் என்று ரசிகர்களிடம் சொல்லிவிட்டுப் போனவர், உண்மையாகவே திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, மருத்துவ உதவியாளர் ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருக்க, நிகழ்ச்சியை முடித்தார். மூன்று வாரம் கழித்து, ஜூலை 4 அன்று, வாஷிங்டன் ஸ்டேடியத்தில் கிதார்களின் கழுத்துகள் முளைத்து நிற்கும் பிரமாண்டமான சிம்மாசனத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வாசித்தார். மறு ஆண்டு ‘கன்ஸ் அண்ட் ரோசஸ்’ பாடகர் ஆக்ஸல் ரோஸ் பாதத்தை முறித்துக்கொண்டபோது அதே சிம்மாசனம் அவருக்கு இரவல் போனது.

இந்தக் கதையில் எல்லோரும் சொல்ல மறக்கும் ஒரு வரி உண்டு. இடையில் இருந்த ஐரோப்பிய நிகழ்ச்சிகளை க்ரோல் ரத்து செய்தார். புகழ்பெற்ற கிளாஸ்டன்பரி விழாவும் அதில் அடக்கம். அந்த இரவு முழுக்க வாசித்தது வீரம் என்றால், பிறகு அறுவைச் சிகிச்சைக்குப் படுத்தது விவேகம். சிம்மாசனம் சாத்தியமானது இரண்டாவதால்தான்.

தந்தியும் எலும்பும் எச்சரித்துவிட்டு முறிகின்றன. மின்சாரம் அப்படி அல்ல. 1965 டிசம்பர் 3 அன்று கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், கிதார் மைக் கம்பத்தில் பட்ட நொடியில் தூக்கி எறியப்பட்டு நினைவிழந்தார். அவர் போட்டிருந்த காலணியின் ரப்பர் அடிப்பாகம்தான் உயிரைக் காப்பாற்றியது என்று சொல்வார்கள். அவர் எழுந்துவிட்டதால் அது இன்றுவரை சுவையான கதை.

1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸி நகரில் ‘ஸ்டோன் த க்ரோஸ்’ குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்விக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு கை கிதார் தந்தியில் இருக்க, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டார். ரசிகர்களின் கண்ணெதிரே இறந்தார். வயது 27. அந்தக் குழு அதன் பிறகு நெடுநாள் நீடிக்கவில்லை.

இதில் மாயம் ஏதும் இல்லை. கிதாரின் தந்திகள் ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டியோடு தொடர்புள்ளவை. பாடும் மைக் இன்னொரு கருவியோடு தொடர்புள்ளது. இரண்டுக்கும் எர்த் ஒழுங்காக இருந்தால் பயமில்லை. ஒன்றில் எர்த் அறுந்து, உள்ளே கசிவும் இருந்தால், தந்திக்கும் மைக்குக்கும் நடுவே வீட்டு மின்சாரத்தின் முழு அழுத்தமும் காத்திருக்கும். விரல் தந்தியில், உதடு மைக்கில் என்றால் இடையில் இருக்கும் மனிதன்தான் ஒயர். மின்சாரம் போகும் வழியில் நெஞ்சு இருக்கிறது.

ஃபியூஸ் இருக்கிறதே என்று சமாதானம் சொல்வதில் பயனில்லை. ஃபியூஸ் உருகப் பல ஆம்பியர் வேண்டும். இதயத்தைத் தடுமாறவைக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். அதற்காகவே இருக்கிறது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. மேடையின் எல்லாக் கருவிகளுக்கும் அது காவல் இருக்க வேண்டும். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்து இரண்டு முள் சாக்கெட்டில் சொருகக் கூடாது. மைக் அருகே போகும்போது உதட்டில் லேசாகச் ‘சுர்’ரென்றால் அது கூச்சம் அல்ல, எச்சரிக்கை. அந்த இடத்தில் பாட்டு நிற்க வேண்டும்.

நிற்குமா? கல்யாண வரவேற்பிலும் கோயில் திருவிழா மேடையிலும் வாசிக்கும் சாதாரண கிதார்க்காரரை நினைத்துப் பாருங்கள். மூங்கில் கட்டிய பந்தல், பின்னால் இரையும் ஜெனரேட்டர், மழையில் நனைந்த தரை, யாரோ நீட்டிய எக்ஸ்டென்ஷன் ஒயர். சம்பளம் அன்றைய இரவுக்கு மட்டும். சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. எர்த் பார்த்த பிறகுதான் வாசிப்பேன் என்று சொன்னால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயம். சாகசம் செய்யும் ஆசையில் அவர் நிறுத்தாமல் இல்லை, நிறுத்தக் கட்டுப்படியாகாது. பிரபலங்களின் வீரக் கதைகள் அவர் மீது ஏற்றும் சுமை இதுதான்.

பிரபலங்களுக்கும் தகவல் சரியாக வராவிட்டால் ஆபத்துதான். 1992 ஆகஸ்ட் 8 அன்று கனடாவின் மாண்ட்ரீல் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் ‘மெட்டாலிகா’ வாசித்தது. மேடை வாணவேடிக்கையில் அன்று புதிய வெடிகள் சேர்க்கப்பட்டிருந்தன. பழைய வெடிகளுக்குப் பதிலாகப் புதியவை என்று குழுவினர் புரிந்துகொண்டார்கள். உண்மையில் பழையவையும் இருந்தன, புதியவையும் இருந்தன. பாதுகாப்பு என்று நினைத்த இடத்தில் போய் நின்ற ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டை நெருப்பு சூழ்ந்தது. இடது கையில் கடுமையான தீக்காயம். மெட்டாலிகா நிகழ்ச்சியை நிறுத்தியது. அடுத்து வர வேண்டிய கன்ஸ் அண்ட் ரோசஸ் தாமதமாக வந்து சீக்கிரமே இறங்கிவிட, ஊரில் கலவரம்.

அதே மாத இறுதிக்குள் ஹெட்ஃபீல்ட் மேடைக்குத் திரும்பினார், கையில் கட்டோடு. ஆனால் கிதார் தொடவில்லை, பாடினார். அவர் பகுதியை வாசித்தவர் ஜான் மார்ஷல். இவர் ஒரு காலத்தில் அதே குழுவின் இன்னொரு கிதார் கலைஞரான கர்க் ஹாம்மெட்டுக்குத் தந்தி மாற்றி, சுருதி சேர்த்துக் கொடுத்த மேடை உதவியாளர். 1986ல் ஹெட்ஃபீல்ட் ஸ்கேட்போர்டில் விழுந்து கையை முறித்துக்கொண்டபோதும் வாசித்துக் கைகொடுத்தவர் இவரே. மேடைக்குப் பின்னால் நிற்பவருக்கும் எல்லாப் பாட்டும் தெரிந்திருந்தது. அடிபட்டவர் ஓய்வெடுக்க முடிந்ததற்குக் காரணம் அதுதான். மாற்று ஆள் என்பது ஆடம்பரம் அல்ல, மருந்து.

மாற்று ஆளே இல்லாவிட்டால் மாற்று வழி. 1965ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த 17 வயது டோனி அயோமி, இசைக்குழுவோடு வெளிநாடு போவதற்காக வேலையை விட்டார். கடைசி நாளில் இயந்திரம் அவரது வலது கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்தது. இடது கைப் பழக்கமுள்ள அவர் தந்திகளை அழுத்துவது அந்தக் கையால்தான். மனமுடைந்து கிடந்தவருக்கு ஆலை அதிகாரி ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928ல் தனது வண்டிவீடு தீப்பிடித்ததில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போய், மீதி விரல்களை நம்பி வாசித்தவர். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். அதன் மேல் தோல் ஒட்டினார். கனமான தந்தி வலித்ததால் மெல்லிய தந்தி போட்டார். பிறகு சுருதியையும் இறக்கினார். ‘பிளாக் சாபத்’ குழுவின் அந்தக் கனத்த நாதத்தில் வலியைக் குறைக்கும் யோசனைக்கும் பங்கு உண்டு.

இதைச் சகிப்புத்தன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அயோமி வலியைப் பொறுத்துக்கொண்டு பழைய மாதிரியே வாசிக்கப் பார்க்கவில்லை. வலி சொன்னதைக் கேட்டு வாத்தியத்தை மாற்றினார். மணிக்கட்டு நரம்பு இழுத்தாலும் விரல் மரத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பவர்கள் கற்க வேண்டிய இடம் இது. காதுக்கும் இதே நியாயம். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கப் பணிநல நிபுணர்களின் கணக்கு. 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். ராக் மேடை அதை எளிதில் தாண்டும். அதை மறந்ததற்கு ‘த ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் காது கொடுத்தார்.

நிறுத்துவதற்கு ரசிகர்களின் சம்மதமும் வேண்டும். 2011 அக்டோபர் 28 அன்று டெல்லியை அடுத்த குர்காவ்னில் மெட்டாலிகா முதல்முறையாக இந்தியாவில் வாசிக்க இருந்தது. மேடைக்கு முன்னிருந்த தடுப்பு கூட்டத்தைத் தாங்கவில்லை. நிகழ்ச்சி மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டதாக அறிவித்ததும் ஒரு பகுதிக் கூட்டம் மேடையேறிக் கருவிகளை உடைத்தது. கடைசியில் நிகழ்ச்சியே ரத்தானது. ஏமாற்றம் நியாயமானது, ஏற்பாட்டில் கோளாறு என்ற கோபமும் நியாயமானது. ஆனால் தடுப்பு சரிந்து முன்வரிசையில் நாலு பேர் நசுங்கியிருந்தால்? இரண்டு நாள் கழித்து பெங்களூரில் அதே குழு வாசித்தது, ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். நின்றுபோன கச்சேரியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

பி.பி. கிங்குக்கு இது 1949லேயே தெரியும். அந்தக் குளிர்காலத்தில் ஆர்கன்ஸா மாநிலத்தின் ட்விஸ்ட் என்ற சிற்றூரில் ஒரு நடனக் கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்கு நடுவில் கெரசின் தொட்டி எரிந்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்களின் சண்டையில் அது கவிழ்ந்து கூடம் தீப்பிடித்தது. வெளியே ஓடிவந்த கிங், கிதார் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்து மறுபடியும் நெருப்புக்குள் நுழைந்து அதை எடுத்துவந்தார். அந்தத் தீயில் இரண்டு பேர் இறந்தார்கள்.

சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று மறுநாள் தெரிந்தது. அந்தக் கிதாருக்கும், பிறகு வந்த அவரது கிதார்களுக்கும் அதே பெயரை வைத்தார். 2015ல் இறக்கும்வரை அது மாறவில்லை. காதலின் நினைவாக வைத்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். இனி ஒருபோதும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக் கூடாது என்று தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்ள வைத்த பெயர் அது.

1985ல் நிறுத்தாமல் தந்தி மாற்றிய கையில் இருந்ததும் ஒரு லூசில்தான்.