ஏழாம் பெட்டுக்குப் பேர் இல்லையா?

போன ஆகஸ்டில் ஒரு நாள் ராத்திரி. துபாயில் எமர்ஜென்சி டூட்டி முடித்து, அல் இத்திஹாத் ரோட்டில் ஒன்றேகால் மணி நேரம் ஊர்ந்து, ஷார்ஜா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சாப்பிடும்போது வீட்டுக்காரர், "இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்றார். "மூணாம் பெட் உயிரை வாங்கிட்டான். ஏழாம் பெட் வெயில் கேஸ்" என்றேன்.

எட்டு வயது மகள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏழாம் பெட்டுக்குப் பேர் இல்லையாம்மா?"

நோயாளி பேரை வீட்டில் சொல்லக்கூடாதுதான். ஆனால் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது வேறு. எனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. காலை பதினோரு மணி வெயில் மட்டும் என்ன லேசா? அப்படி மயங்கி விழுந்து வந்த ஒரு கட்டடத் தொழிலாளி அவர். தமிழில்தான் பேசினார். அதற்கு மேல் ஒன்றும் நினைவில்லை.

பர்ன்அவுட் என்றால் அலுப்பு என்றுதான் நாம் பேசிக்கொள்கிறோம். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் 1981-இல் வெளியிட்ட அளவுகோலில் அலுப்பு ஒரு பங்குதான். எதிரில் இருக்கும் மனுஷரைப் பொருளாகப் பார்க்க ஆரம்பிப்பது இன்னொன்று. என்ன செய்து என்ன பயன் என்று தோன்றுவது மூன்றாவது. அந்த இரண்டாவதைத்தான் என் மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

கூட வேலை பார்க்கும் மலையாளி நர்ஸ் சேச்சி ஒரு யோசனை சொன்னார். படுக்கப் போகும் முன் அன்றைக்கு நடந்த மூன்று நல்ல விஷயங்களையும், அவை ஏன் நடந்தன என்பதையும் எழுத வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. வளைகுடாவில் பிறந்து வளர்ந்த நமக்கு நன்றி என்பது கேட்டுக் கேட்டுப் புளித்த வார்த்தை இல்லையா? "விசா குடுத்தாங்க, சோறு போடறாங்க, வாயைத் தொறக்காதே" என்று அப்பா முப்பது வருஷம் சொன்னார். லீவு கேட்கக்கூடப் பயந்தார். அந்த நன்றி ஒரு கடன். அதை இன்னும் என்னால் அடைக்க முடியாது.

பிறகு யோசித்தேன். திருக்குறளின் 11-ஆம் அதிகாரத்துக்கு 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். அறிதல்தான், சொல்லுதல் இல்லை. யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம், நடந்த நல்லதை நாம் தெரிந்துகொண்டால் போதும் என்று நான் அர்த்தம் எடுத்துக்கொண்டேன். தமிழ்ப் புலவர்கள் மன்னிக்கவும்.

ஆராய்ச்சியும் இருக்கிறது. ஹாங்காங் அரசு மருத்துவமனைகளில் வேலை செய்யும் 102 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு சோதனை செய்தார்கள். 2015-இல் அது வெளியானது. ஒரு குழு வாரம் இரண்டு முறை, நான்கு வாரம், வேலையில் நன்றி தோன்றிய தருணங்களை எழுதியது. இன்னொன்று எரிச்சல்களை எழுதியது. மூன்றாவது குழு எதுவும் எழுதவில்லை. நன்றிக் குழுவில் மன அழுத்தமும் மனச்சோர்வு அறிகுறிகளும் குறைந்தன. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் தெரிந்தது. மாயமந்திரம் எல்லாம் இல்லை, ஆனாலும் கொஞ்சம் குறைந்தது.

நானும் வாரம் இரண்டு நாள் என்றே வைத்துக்கொண்டேன். தினமும் என்றால் அதுவும் ஒரு டூட்டி ஆகிவிடும். 'ஊசி போட்டதும் ஒரு பாட்டி என் கன்னத்தைத் தட்டினார்.' 'கிளீனிங் பையன் கேட்காமலேயே கரக் டீ கொண்டு வந்தான். ஏன்? நான் காலையில் இருந்து சாப்பிடாததை அவன் பார்த்திருக்கிறான்.' இவ்வளவுதான். இரண்டு மூன்று வாரத்தில் எனக்குப் பேர்கள் ஞாபகம் நிற்க ஆரம்பித்தன.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. நோட்டில் சில பக்கங்கள் காலியாக இருந்தன. தேதியைப் பார்த்தால், எல்லாமே தொடர்ந்து நான்கு நைட் டூட்டி பார்த்த வாரங்கள். அந்த நாட்களில் யாரும் நல்லது செய்யாமல் இருந்திருக்க மாட்டார்கள். பார்க்க எனக்குத்தான் கண் இல்லை. பர்ன்அவுட்டை உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் நோய் என்று சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருவது என்றுதான் சொன்னது. ரோஸ்டரை நோட்டுப் புத்தகம் சரிசெய்யாது. தேதிகளை எழுதி எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். கை நடுங்கியது, அப்பா மகள்தானே. நான்கு நைட் மூன்றானது. இரண்டு கேட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது இப்போது மூன்று பேரும் ஆளுக்கு மூன்று சொல்கிறோம். போன வாரம் மகள் உதட்டைப் பிதுக்கினாள். "ஒண்ணுதான்மா இருக்கு. மத்ததெல்லாம் மோசம்."

"யோசிச்சுப் பாரு, இருக்கும்" என்று வாய் வரைக்கும் வந்தது. அப்பா குரல். விழுங்கிக்கொண்டு, "சரி, மோசத்தைச் சொல்லு" என்றேன்.

கணக்கு மிஸ்ஸைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். சாதம் ஆறிப் போச்சு.